கழலாத காலணி



நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசுவரர் கோயில், கலிபோர்னியாவில் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், டெக்சாஸில் பியர்லாந்து மீனாட்சி கோயில். மூன்றும் ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் இருந்தாலும் மூன்றிலும் வாசலில் செருப்பு வைக்க ஓர் இடம் உண்டு. கோயிலுக்குக் கிளம்பும் தமிழர், வாசலில் குனியாமல் கழற்றக்கூடிய ஒன்றைத்தான் காலில் மாட்டிக்கொள்வார். வீட்டுக்கும் அதே வழக்கம். காலணி என்றால் எளிதில் கழல வேண்டும் என்பதுதான் தலைமுறை தலைமுறையாக நம் எதிர்பார்ப்பு.

மோட்டார் சைக்கிளில் ஏறிய நிமிடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வண்டி சாய்ந்தாலும், சாலையில் இழுத்துக்கொண்டு போனாலும், கால் அடியில் மாட்டிக்கொண்டாலும் கழலாமல் இருப்பதுதான் அங்கே நல்ல காலணி. கோயில் வாசலுக்கு ஏற்றது வண்டிக்கு ஏற்றதல்ல. இன்றைய பேச்சின் மையம் இந்த ஒரு வேறுபாடுதான்.

சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ வண்டி பழகியவர்கள் பெரும்பாலும் ரப்பர் செருப்போடுதான் பழகியிருப்பார்கள். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு பல வீடுகளில் அப்பாவுக்கும் உண்டு, பிள்ளைக்கும் உண்டு. 2019 செப்டம்பரில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, செருப்பு போட்டு ஓட்டினால் அபராதம் என்று நாடு முழுக்க வதந்தி பரவியது. அப்படி ஒரு விதி இல்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே விளக்கம் தர வேண்டியிருந்தது. விதி இல்லைதான். ஆனால் விதி இல்லாத இடத்திலும் எலும்பு முறியும்.

ஊரில் ஓட்டிய வண்டிக்கும் இங்கே ஓட்டும் வண்டிக்கும் எடையிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் 90 கிலோவைத் தாண்டாது. சாய்ந்தால் காலால் தாங்கி நிமிர்த்திவிடலாம். சென்னையில் செய்யப்பட்டு அமெரிக்காவில் விற்கப்படும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 எடையில் 200 கிலோவைத் தாண்டுகிறது. ஹார்லி டேவிட்சனின் நெடும்பயண வண்டிகள் 350 கிலோவுக்கும் மேல். நின்றுகொண்டிருக்கும்போதே இப்படி ஒரு வண்டி கணுக்கால் மேல் சாய்ந்தால், அங்கே ரப்பர் செருப்புக்கு என்ன வேலை?

அமெரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் தலையோடு நின்றுவிடுகிறது. ஹெல்மெட்டுக்குக் கூட்டரசின் தர விதி உண்டு. 218 என்பது அதன் எண். கலிபோர்னியாவில் 1992 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். நியூஜெர்சியிலும் அப்படியே. டெக்சாஸில் 1997 முதல், 21 வயது நிரம்பியவர் பயிற்சி வகுப்பை முடித்திருந்தாலோ மருத்துவக் காப்பீடு வைத்திருந்தாலோ ஹெல்மெட்டிலிருந்து விலக்கு உண்டு. காலணிக்கோ கூட்டரசின் தர விதி எதுவும் இல்லை. கடைக்காரர் எதை வேண்டுமானாலும் மோட்டார் சைக்கிள் பூட்ஸ் என்று பெயரிட்டு விற்கலாம். ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் வாங்குகிறவர் தலையில் விழுகிறது.

ஓரிடத்தில் விதி இருக்கிறது. மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளையின் அடிப்படைப் பயிற்சி வகுப்புக்குப் போகிறவர், கணுக்காலை மூடும் உறுதியான காலணி அணிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பயிற்சித் திடலில் வண்டி கிடைக்காது. டெக்சாஸில் கிளாஸ் எம் உரிமத்துக்கு வகுப்பு கட்டாயம் என்பதால், அங்கே புதிதாக ஓட்டக் கற்கும் ஒவ்வொருவரும் அப்படி ஒரு ஜோடியைக் காலில் போட்டுப் பார்த்தவர்தான். உரிமம் கைக்கு வந்த பிறகு அது அலமாரிக்குப் போய்விடுகிறது என்பதுதான் வருத்தம்.

விபத்தில் காலுக்கு என்ன ஆகிறது?

இதைப் பொறுமையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரி ஹர்ட். அவருடைய குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. 1981-இல் வெளிவந்த அந்த அறிக்கையை ஹர்ட் அறிக்கை என்றே உலகம் இன்றும் அழைக்கிறது. பலரும் கவனிக்காத ஓர் எண் அதில் இருக்கிறது. மோதிய கணத்தில் வண்டிகளின் வேகத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது மணிக்கு 21.5 மைல், அதாவது ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பறக்கிற வேகமல்ல இது. அண்ணா சாலையில் ஸ்கூட்டர் போகிற வேகம். பக்கத்துத் தெருக் கடைக்குத்தானே போகிறோம் என்று செருப்போடு கிளம்புகிறவருக்கு இந்த எண்ணே போதுமான பதில்.

ஐரோப்பாவில் 1999-2000 காலத்தில் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வு, காயங்களில் 31.8 விழுக்காடு இடுப்புக்குக் கீழே கால் பகுதியில் ஏற்பட்டவை என்று கண்டது. தலைக் காயங்கள் 18.4 விழுக்காடு. தலைக் காயம் உயிரைப் பறிக்கிறது, அதனால் ஹெல்மெட்டே முதல் கடமை. அமெரிக்காவில் 2023-இல் மட்டும் 6,335 பேர் மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிரிழந்தார்கள். ஆனால் உயிரோடு எழுந்தவர்களைத் தேடிப் பார்த்தால், அவர்களில் பலர் ஊன்றுகோலோடுதான் நிற்கிறார்கள்.

பாதம் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் கொண்ட நுட்பமான அமைப்பு. கணுக்காலைச் சுற்றிச் சதைப்பிடிப்பு மிகக் குறைவு, தோலுக்கு அடியில் உடனே எலும்பு. அங்கே தோல் உரிந்தால் ஆறுவதற்கு நாளாகும். பாதத்தின் நடுவில், விரல்களை நோக்கிப் போகும் நீண்ட எலும்புகள் தொடங்குகிற இடத்துக்கு லிஸ்ஃப்ராங் மூட்டு என்று பெயர். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் லிஸ்ஃப்ராங்கின் பெயர் அது. குதிரையிலிருந்து விழும்போது பாதம் அங்கவடியில் சிக்கிக்கொண்ட வீரர்களுக்கு அந்த இடம்தான் முறுக்கிக்கொண்டு சிதைந்தது. இருநூறு ஆண்டுகளில் குதிரை போய் மோட்டார் சைக்கிள் வந்தது, அங்கவடி போய் ஃபுட்ரெஸ்ட் வந்தது. பாதம் மாட்டி முறுக்கிக்கொள்ளும் விதம் மட்டும் மாறவில்லை.

சிலர் காலணியை விட்டுவிட்டு வண்டிக்கு இரும்புக் கம்பி மாட்டுகிறார்கள். கிராஷ் கார்டு இருந்தால் கால் தப்பிவிடும் என்பது நம்பிக்கை. ஹர்ட் அறிக்கை இதையும் பார்த்தது. கம்பி இருந்தபோது பாதத்திலும் கணுக்காலிலும் காயம் குறைந்தது உண்மை. ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் ஆகியவற்றில் அதே அளவுக்குக் காயம் கூடியது. அடி இடம் மாறியதே தவிர, குறையவில்லை. கனமான பூட்ஸ், ஜாக்கெட், கையுறை ஆகியவை சிராய்ப்பையும் கிழிசலையும் குறைக்கின்றன என்றும் அதே அறிக்கை சொன்னது.

எவ்வளவு குறைக்கின்றன என்பதை 2011-இல் ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் தலைமையில் வெளிவந்த ஆய்வு அளந்து காட்டியது. கான்பெரா பகுதியில் விபத்துக்குள்ளான 212 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். உள்ளே பாதுகாப்புப் பட்டை வைத்த காலணி அணிந்தவர்களுக்குப் பாதமும் கணுக்காலும் காயமடையும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்படாத சாதாரண பூட்ஸ்கூட, ஓட்டப்பயிற்சி ஷூவோடு ஒப்பிட்டால் காயத்தைப் பாதியாகக் குறைத்திருந்தது. விலை உயர்ந்த ஜோடி வாங்க வசதி இல்லாதவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கணுக்காலுக்கு மேலே ஏறும் கெட்டித் தோல் பூட்ஸ் ஒன்று வீட்டில் இருந்தால், இன்றைக்கே செருப்பை விட்டுவிடலாம்.

பூட்ஸ் எல்லா எலும்பு முறிவையும் தடுத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. கார் நேரே மோதினால் எந்தத் தோலும் தாங்காது. தோல் உரிதல், வெட்டு, கணுக்கால் முறுக்கு, சைலன்சர் சூடு, சாய்ந்த வண்டியின் நசுக்கு ஆகியவை அன்றாடம் நடப்பவை. பூட்ஸின் பலன் இங்கேதான் தெரியும்.

அமெரிக்காவில் தர விதி இல்லாவிட்டாலும் அளவுகோல் ஒன்று கிடைக்கிறது. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் காலணிக்கு ஈஎன் 13634 என்ற தரம் இருக்கிறது. அங்கே விற்பதற்காகச் செய்யப்படும் பூட்ஸே இங்கேயும் வருவதால், பல ஜோடிகளில் உட்புறம் ஒரு சிறிய துணி முத்திரை தைத்திருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் படம், சிஇ எழுத்துகள், அதன் கீழே நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 1 அல்லது 2 ஆக இருக்கும். 1 என்றால் தேவையான அளவு, 2 என்றால் அதற்கும் மேல்.

முதல் எண் உயரத்தைச் சொல்கிறது. இரண்டாவது எண் தேய்மானத்துக்கு. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் உப்புத்தாள் பட்டை மேல் தோலை வைத்துத் தேய்த்து, எத்தனை நொடியில் ஓட்டை விழுகிறது என்று பார்க்கிறார்கள். அதிக அடி படும் பகுதி முதல் நிலைக்கு 5 நொடியும் இரண்டாம் நிலைக்கு 12 நொடியும் தாங்க வேண்டும். மூன்றாவது எண், கத்தி போன்ற கூர்மையான பொருள் விழுந்தால் எவ்வளவு ஆழம் வெட்டும் என்பதற்கு. நான்காவது எண்ணைத்தான் முதலில் தேட வேண்டும். பாதத்தின் அகலமான இடத்தில் இரு பக்கமும் அழுத்தி, அடிப்பகுதி எவ்வளவு தாங்குகிறது என்று அளப்பது அது. வண்டிக்கும் சாலைக்கும் நடுவே கால் மாட்டிக்கொள்ளும் நிலைமையை அந்தச் சோதனை நேராகவே நடத்திப் பார்க்கிறது. எண்களின் பக்கத்தில் ஐபிஏ என்று இருந்தால் கணுக்காலுக்கு அதிர்ச்சி தாங்கும் பட்டை உண்டு என்று பொருள். ஐபிஎஸ் கீழ்க்காலின் முன்புறத்துக்கு. டபிள்யூஆர் தண்ணீர் புகாது என்பதற்கு. எஃப்ஓ, பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் அடிப்பகுதி கெடாது என்பதற்கு.

இந்தப் பூட்ஸில் பல வட இத்தாலியின் சிறு ஊர்களில் பிறந்தவை. மாசெர் ஊரில் 1960-இல் சிடி, 1962-இல் கேர்னே, அருகிலுள்ள அசோலோவில் 1963-இல் ஆல்பைன்ஸ்டார்ஸ். மலையேறுபவர்களுக்குப் பூட்ஸ் தைத்துப் பழகிய கைகள் அவை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலுக்கு எப்படியோ, அப்படித்தான் அந்த வட்டாரம் பூட்ஸுக்கு. 1948 முதல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் மண்ணிலிருந்து வந்தவர்களுக்குத் தோலின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவைக் கடையில் பயன்படுத்தினாலே போதும்.

மோட்டார் சைக்கிள் பூட்ஸுக்குப் பதிலாக வேறு காலணி தேடுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. தொழிற்சாலையில் போடும் இரும்பு மூக்கு பூட்ஸ் கனமாக இருப்பதால் அதுவே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பு மூக்கு நசுங்கி விரல்களை வெட்டிவிடும் என்று ஒரு பயமும் உலவுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் படமாக்கப்பட்ட மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சித் தொடர் 2005-இல் இதைச் சோதித்து, அந்தப் பயம் ஆதாரமற்றது என்று காட்டியது. ஆகவே விரலுக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த இரும்பு காப்பது விரலை மட்டும்தான். கணுக்காலுக்கும் பாதத்தின் பக்கவாட்டுக்கும் அதில் எதுவும் இல்லை. மூக்கு தடித்திருப்பதால் கியர் பெடலின் அடியில் நுழைவதும் சிரமம்.

டெக்சாஸில் கௌபாய் பூட்ஸ் மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் காலணி. கெட்டியான தோல், கெண்டைக்கால் வரை உயரம், பார்க்கவும் கம்பீரம். ஆனால் அதன் அடிப்பகுதி பெரும்பாலும் வழுவழுப்பான தோல். பெட்ரோல் பங்கில் சிந்திய எண்ணெயில் கால் ஊன்றினால் வழுக்கும். லேஸும் பட்டையும் இல்லாமல் இழுத்து மாட்டுவது என்பதால், சாலையில் உடல் சறுக்கும்போது அதே வழியில் உருவிக்கொண்டு போய்விடவும் கூடும். மலை நடைக்குப் போடும் பூட்ஸ் கணுக்காலை மூடும், பிடிமானமும் நல்லது. அதன் நீண்ட லேஸ் மட்டும் ஆபத்து. ஃபுட்ரெஸ்டிலோ கியர் பெடலிலோ சுற்றிக்கொண்டால் சிக்னலில் கால் இறங்காது, வண்டி நின்ற இடத்திலேயே சாயும். லேஸை முடிச்சிட்டு, தொங்கும் நுனிகளை உள்ளே செருகிவிட வேண்டும். ஓட்டப்பயிற்சி ஷூ வலையும் நுரையும் மட்டுமே. சாலையில் அது ஒரு நொடிகூடத் தாங்குமா என்பது சந்தேகம்.

ஊருக்கு ஊர் தேவையும் மாறும். நியூஜெர்சியில் பனிக்காலம் முடிந்ததும் வளைவுகளில் உப்பும் மணலும் தங்கியிருக்கும், பனி தின்ற சாலைகளில் குழிகள் இருக்கும். கால் ஊன்றும்போது வழுக்காத அடிப்பகுதியும் தண்ணீர் புகாத உள்ளுறையும் அங்கே முக்கியம். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஸ்கைலைன் சாலையின் செம்மரங்களுக்கு அடியில் காலை மூடுபனி சொட்டிச் சாலை நனைந்திருக்கும். கீழே 101, 880 நெடுஞ்சாலைகளின் நெரிசலில் கார்களுக்கு நடுவே புகுந்து போக 2017 முதல் கலிபோர்னியாச் சட்டம் வெளிப்படையாக இடம் தருகிறது. கார்களின் பம்பரும் கால்களும் அத்தனை நெருக்கத்தில் இருக்கும் அங்கே, ஐபிஏ குறி உள்ள கணுக்கால் பட்டை கட்டாயம் என்றே கொள்ளலாம். டெக்சாஸ் கோடையில் தார்ச்சாலையே அடுப்பு. தண்ணீர் புகாத உறை போட்ட பூட்ஸில் வியர்வையும் வெளியேறாது. அங்கே காற்றோட்டத் துளைகள் கொண்ட பூட்ஸ் பொருத்தம். சூடு தாங்காமல் செருப்புக்குத் திரும்புவதைவிட, மழையில் ஒரு நாள் கால் நனைவது எவ்வளவோ மேல்.

கடைக்கு மாலையில் போவது நல்லது. நாள் முழுக்க நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். வண்டி ஓட்டும்போது போடும் கனமான காலுறையையே கொண்டு போக வேண்டும். கையில் எடுத்த பூட்ஸை மூன்று விதமாகச் சோதிக்கலாம். குதிகாலை ஒரு கையிலும் மூக்கை மறு கையிலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவது போல் முறுக்கிப் பார்க்க வேண்டும். எளிதில் முறுக்கிக்கொண்டால் பாதமும் அப்படியே முறுக்கிக்கொள்ளும். விரல்களுக்குப் பின்னால் உள்ள அகன்ற இடத்தை இரு பக்கமும் அழுத்திப் பார்க்க வேண்டும். அது மடங்கக் கூடாது. கணுக்காலின் இரு பக்கமும் கட்டைவிரலால் குத்திப் பார்த்தால் உள்ளே கெட்டியான வட்டு தட்டுப்பட வேண்டும். கடைசியாக, காலில் போட்டு ஜிப்பையும் பட்டையையும் முழுமையாக மாட்டிய பிறகு, இன்னொருவரைக் குதிகாலைப் பிடித்து இழுக்கச் சொல்ல வேண்டும். உருவிக்கொண்டு வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஜோடி வேண்டாம்.

புதிய பூட்ஸ் விறைப்பாக இருக்கும். கியர் விழுந்ததா என்பதே முதலில் காலுக்குத் தெரியாது. கியர் பெடலின் உயரத்தைச் சற்று மாற்றினால் இது சரியாகிவிடும். முதல் சில நாள்கள் நெரிசல் இல்லாத தெருவில் ஓட்டிப் பழகுவது நல்லது.

பின்னால் உட்கார்ந்து வருபவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஓட்டுகிறவர் தலை முதல் கால் வரை கவசம் போட்டிருக்க, பின்னால் மனைவி பட்டுப்புடவையும் மெல்லிய செருப்புமாக வருவதை நம் விழாக்களில் பார்க்கலாம். சைலன்சருக்கு மிக அருகில் இருப்பது அவருடைய கால். விழுந்தால் இருவரும் விழுவது ஒரே சாலையில். பெண்களுக்கென்று தனி அளவில், குட்டையானவர்களுக்கு அடிப்பகுதி சற்று உயர்த்திச் செய்யப்பட்ட பூட்ஸும் கிடைக்கின்றன. பின்சீட்டில் பிள்ளையை ஏற்றும் அப்பா, முதலில் பிள்ளையின் காலைப் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு பராமரிப்பும் உண்டு. தோலுக்கு அவ்வப்போது கிரீம் பூச வேண்டும். நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும், ஹீட்டருக்கு அருகில் வைத்தால் தோல் வெடிக்கும். பாலியூரித்தேன் கொண்ட அடிப்பகுதி, அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் தானாகவே பொடியாகத் தொடங்கும். பல ஆண்டு அலமாரியில் கிடந்த ஜோடியை வளைத்துப் பார்க்காமல் எடுத்துப் போடக் கூடாது. ஒரு முறை விபத்தைத் தாங்கிய பூட்ஸின் வேலை அதோடு முடிந்துவிட்டது என்று கொள்வதே நல்லது.

விலை யோசிக்க வைக்கும் என்பது உண்மை. வண்டிக்கும் ஹெல்மெட்டுக்கும் செலவழித்த பிறகு இன்னும் இருநூறு டாலரா என்று தோன்றலாம். எலும்பு முறிந்தால் காப்பீட்டில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையையும், நடக்க முடியாமல் வீட்டில் இருக்கும் வாரங்களையும், உதவிக்கு ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்க வேண்டிய நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தொகை பெரிதல்ல.

எனவே இந்த அவைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டருக்கோ லிவர்மோருக்கோ பியர்லாந்துக்கோ பைக்கில் கிளம்புகிறவர்கள், செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு வண்டியில் கட்டிக்கொள்ளுங்கள். காலில் பூட்ஸைப் போட்டு, ஜிப்பை இழுத்து, பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். கோயில் போய்ச் சேர்ந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்புக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் வருபவருக்கும் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள்.